டிக் செய்யப்படாத கட்டம்

பன்னிரண்டாவது ஸ்லைடில் டீச்சர் சொல்கிறார்: "இப்ப அந்த அம்மா பாடுறதைக் கேளுங்க. மூணாவது வரியில மூச்சு எங்க உடையுதுன்னு கவனிங்க." பிறகு நாற்பது நொடிக்கு எதுவும் இல்லை. சரியாகச் சொன்னால், முதல் அரை நொடி ஒரு குரல் எழுகிறது; உடனே யாரோ வாயைப் பொத்தியதுபோல அமுங்கிவிடுகிறது. திரையில் ஸ்பீக்கர் படம் போட்ட சின்ன ஐகான். அதற்குக் கீழே நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கோடு. கோடு முடிந்ததும் டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேட்டீங்களா, அந்த இழுப்பை?" என்கிறார்.

இல்லை டீச்சர், யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மணி நேரப் பேச்சில் பதினான்கு ஒப்பாரிப் பாடல்கள். பதினான்கும் இல்லை. உங்கள் குரல் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பதிவு செய்தவன் நான்.

எல்லா இலக்கியக் குழுவிலும் ஒரு 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' இருப்பான். எங்கள் குழுவில் அது நான். ஓர் இணையவழிக் கருத்தரங்குக்காக டீச்சரின் பேச்சை ஸ்லைடுகளோடு பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் எண்பதுகளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து அவர் சேகரித்த ஒப்பாரிகள் அவை. ஓய்வுபெற்ற பிறகு கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, ஸ்லைடுக்குள் பொருத்தி வைத்திருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்ளும்படி அவர் மருமகளிடம் சொன்னேன். ஆயிரம் முன்னேற்பாடு. திரைப்பதிவு மென்பொருளில் 'சிஸ்டம் சவுண்டு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் செய்யவில்லை.

அறையில் பாட்டு கேட்டது. லேப்டாப் ஸ்பீக்கரில் அந்தக் கிழவியின் குரல் நன்றாகவே கேட்டது. எங்கள் காதில் விழுந்தது மைக்கிலும் விழும், மைக்கில் விழுந்தது பதிவிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேண்டியதில்லை. இந்த மென்பொருள்களில் எதிரொலி நீக்கம் என்று ஒன்று உண்டு. ஸ்பீக்கர் வழியாக எது வெளியே போகிறது என்று அதற்குத் தெரியும். அதே ஒலி மைக் வழியாகத் திரும்பி வந்தால், அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுவதுதான் அதன் வேலை. கூடவே இரைச்சல் நீக்கமும் இருக்கும். மனிதப் பேச்சின் நடையில் வருவதை வைத்துக்கொள்ளும். நீண்டு, நெளிந்து, ஒரே சுதியில் இழுபடுவதை ஃபேன் சத்தத்தோடு சேர்த்துவிடும். ஆக, பாட்டு பதிவாகாமல் போய்விட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அரை நொடி கேட்டு, இது பேச்சில்லை என்று முடிவு செய்து, அழித்திருக்கிறது. நாகஸ்வரம் வாசித்தாலும் பறை அடித்தாலும் இதே கதிதான். ஸூமில் இசைக் கலைஞர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்டு' என ஒரு வசதியைத் தனியாக வைக்க வேண்டி வந்ததே இதனால்தான்.

இது என் தப்பு. அதை எழுத இவ்வளவு இடம் தேவையில்லை. நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

அன்றிரவே கேட்டுப் பார்த்துவிட்டு, பதறிப்போய், ஏற்பாட்டாளர்களுக்கு மெசேஜ் போட்டேன். பாட்டு எதுவும் பதிவாகவில்லை, இரண்டு நாள் கொடுங்கள், மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று. பதில் வந்தது: "கேட்டேன் ப்ரோ, கன்டென்ட் சூப்பரா இருக்கு. ஆடியோ டெக்னிக்கல் இஷ்யூதானே, அப்படியே போட்டுடலாம்." போட்டுவிட்டார்கள். கீழே கமென்ட்டுகள்: 'மிக ஆழமான உரை', 'அருமையான ஆய்வு', 'விளிம்புநிலை மக்களின் குரலை ஒலிக்கச் செய்தமைக்கு நன்றி'. கடைசி கமென்ட்டை நான் மூன்று முறை படித்தேன். எந்தக் குரல்? எங்கே ஒலித்தது? பதினான்கு இடத்தில் மௌனம் இருப்பதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒன்று, யாரும் முழுசாகக் கேட்கவில்லை. அல்லது கேட்டவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கன்டென்ட் சூப்பர், ஆடியோதான் பிரச்சினை என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒப்பாரியைப் பற்றிய உரையில் ஒப்பாரி 'ஆடியோ'. அதைப் பற்றி நாம் பேசுவது 'கன்டென்ட்'. மென்பொருளும் இதையேதான் சொல்கிறது. பேசுகிறவருக்கு மைக், அது கேட்காமலே திறந்திருக்கும். பாடுகிறவர் கணினிக்குள் இருக்கும் ஒலி. அவரை நீங்கள் போய் டிக் செய்து அழைத்தால்தான் வருவார். இப்படி வைத்தவர்களுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆபீஸ் மீட்டிங்குக்காகச் செய்யப்பட்ட சாதனங்கள் இவை. ஆபீசில் பேசுகிறவர்தான் எல்லாம். கணினியிலிருந்து வருவது மெயில் வந்த 'டிங்' சத்தம். அதை அடைப்பது நியாயம். ஆனால் நாம் ஆபீஸ் நடத்தவில்லையே. நாட்டார் வழக்காறு, சினிமா, இசை, வட்டார வழக்கு, வானொலி நாடகம் என்று காதை நம்பியே இருக்கும் விஷயங்களைப் பேசுகிறோம். பேசும்போது மட்டும் ஆபீஸ்காரர்களாக மாறிவிடுகிறோம்.

ஸ்லைடு என்பதே ஒலி இல்லாத பிறவிதான். பவர்பாயின்ட் 1987இல் மேக் கணினிக்காக வந்தபோது, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடித் தாள்களை அச்சிட்டுக்கொள்ளத்தான் அது பயன்பட்டது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. புல்லட் பாயின்ட்டுகள் சிந்தனையைத் துண்டாக்குகின்றன என்று எட்வர்டு டஃப்டி 2003இல் ஒரு சிறுநூலே எழுதித் திட்டினார். அதைப் படித்துவிட்டு நம் ஆட்களும் ஸ்லைடில் எழுத்தைக் குறைத்தார்கள், நல்ல ஃபான்ட் போட்டார்கள், கறுப்புப் பின்னணியில் ஒற்றைப் புகைப்படம் வைத்தார்கள். கண்ணுக்கு எல்லாம் செய்தாகிவிட்டது. காதுக்கு மட்டும், பேச்சு தொடங்கும்போது "கேக்குதுங்களா?" என்று ஒரு தடவை கேட்பதோடு கடமை முடிந்துவிடுகிறது. அதுவும், 'நான் பேசுறது கேக்குதா' என்ற கேள்வி.

இத்தனைக்கும் நாம் காது இல்லாத சமூகம் கிடையாது. படம் பார்க்காமலே படத்தைக் கேட்டவர்கள் நாம். வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டால் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர்கள் நம் பாட்டிமார். 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஓடியது. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அது மனப்பாடம். மார்கழிக் காலையில் மியூசிக் அகாடமியில் நடக்கும் லெக்-டெம்மில் ஒருவர் ராகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போய், பாடிக் காட்ட வேண்டிய இடத்தில் வாயை மட்டும் அசைத்துவிட்டு, "கேட்டீர்களா?" என்று கேட்டால் சும்மா விடுவார்களா? அங்கே 'டெம்' போனால் 'லெக்' கிடையாது. ஒப்பாரிக்கு மட்டும் 'லெக்' போதும் என்று எப்படி முடிவானது? பாடுகிறவள் யார் என்பதில்தான் இதற்குப் பதில் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். சந்தேகம் தப்பென்றால் சொல்லுங்கள்.

சிலர் சொல்வார்கள்: பாடல் வரிகள்தான் ஸ்லைடில் இருக்கின்றனவே, படித்துக்கொள்ளலாமே என்று. நாட்டார் பாடல்களை அச்சில் சேர்த்த முன்னோடிகள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைப் பற்றிய தன் ஆங்கில நூலை வெளியிட்டது 1871இல். எடிசன் போனோகிராஃபைக் கண்டுபிடித்ததே 1877இல்தான். கோவரால் எழுத்தில்தான் கொடுக்க முடியும், கொடுத்தார். நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுத்தபோதும் புத்தகத்துக்குள் குரலை வைக்க வழி கிடையாது. அவர்களுக்கு டிக் செய்ய ஒரு கட்டமே இல்லை. நமக்கு இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

டீச்சர் அந்தப் பன்னிரண்டாவது ஸ்லைடில் சொல்ல வந்ததும் இதைத்தான். அச்சில் வரும் ஒப்பாரியில் விம்மல் இருக்காது. வரி முடிந்து அடுத்த வரி வரும்; மோனை எதுகை எல்லாம் அழகாக நிற்கும். ஆனால் பாடும்போது மூச்சு சொல்லின் நடுவில் உடைகிறது. உடைந்த இடத்தில் ஒரு விம்மல் வருகிறது. அந்த விம்மலும் தாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அழுகை பாட்டைக் கெடுக்கவில்லை, அழுகையே பாட்டின் ஓர் அசை. முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு அவர் கண்டுபிடித்தது இது. இதை வரிகளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. விம்மலை அச்சடிக்க எழுத்து இல்லை. நாற்பது நொடி கேட்டால் போதும், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும். அந்த நாற்பது நொடிதான் பதிவில் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு நிபுணர் சொல்வதை நம்பித் தலையாட்டும் ஒரு மணி நேரம். ஆதாரத்தைக் காட்டி வாதாட வந்தவரை, என் ஒரு டிக், 'நான் சொல்றேன் நம்புங்க' என்று சொல்பவராக மாற்றிவிட்டது.

இன்னொரு சாக்கு, காப்பிரைட். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சினிமா, இசை பற்றி உரையாற்றுபவர்கள். பாட்டைப் போட்டால் யூடியூப் பிடித்துக்கொள்ளும், அதனால் வேண்டுமென்றே ஒலியை அடைத்துவிட்டோம் என்பார்கள். பயம் பொய்யில்லை. யூடியூபின் தானியங்கி ஏற்பாடு பாட்டை அடையாளம் கண்டு உரிமை கோரும், சில சமயம் அந்தப் பகுதியை ஊமையாக்கும். ஆனால் உரிமை கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கோரலை மறுத்து முறையிடவும் வழி உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு எடுத்தாளுவதை அனுமதிக்கிறது. இருபது நொடி இடையிசையைப் போட்டுக்காட்டி அதில் வயலின் என்ன செய்கிறது என்று பேசுவது விமர்சனம் இல்லையென்றால் வேறெது விமர்சனம்? முறையிட்டு, தோற்று, அதன் பிறகு ஒலியை அடைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முறையிட்டே பார்க்காமல் முன்கூட்டியே வாயைப் பொத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். மறுநாள் அவர்களே கருத்துச் சுதந்திரம் பற்றி இன்னொரு ஸ்லைடு போடுவார்கள்.

லிங்க் கொடுத்திருக்கிறோமே, போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்பவர்களிடம் ஒன்றும் பேசுவதற்கில்லை. நீங்கள் யாராவது கடைசியாக டிஸ்கிரிப்ஷனில் இருந்த லிங்கை அழுத்தியது எப்போது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணினி ஒலியைச் சேருங்கள் என்றால், கவிதை வாசிப்புக்குப் பின்னால் புல்லாங்குழலை ஓடவிடுங்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த நோய் தனி. யார் கவிதை வாசித்தாலும் அதே புல்லாங்குழல், அதே மழைச் சத்தம். குரல் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் அடிக்கும் வாசனைத் திரவியம் அது. நான் கேட்பது அலங்காரத்தை அல்ல. பேசப்படும் பொருள், பேசப்படும் இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதெல்லாம் பெரிய தொழில்நுட்பம் என்ற நினைப்பையும் உடைத்துவிடலாம். ஒரு காலத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. விண்டோஸில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்ற ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும். அதைத் தேடிப்பிடித்து உயிர்கொடுக்க வேண்டும். மேக்கில் பிளாக்ஹோல் மாதிரி ஒரு மாய ஒலிச் சாதனத்தை நிறுவினால்தான் நடக்கும். இன்று ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் டெஸ்க்டாப் ஒலிக்கு ஒரு பட்டை, மைக்குக்கு ஒரு பட்டை, இரண்டும் தனித்தனியாக ஆடும். பேசும்போது ஒரு பட்டை ஆட வேண்டும், பாட்டு ஓடும்போது இன்னொன்று. கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டையும் தனித்தனித் தடங்களில் பதிய வைத்தால், பாட்டு சன்னமாக இருந்தாலும் பிறகு அதை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் டீச்சரோடு இரண்டாவது முறை உட்கார்ந்தபோது நான் அதைக்கூடப் பயன்படுத்தவில்லை. பவர்பாயின்ட்டுக்குள்ளேயே வேலை முடிந்தது. பாட்டு ஃபைல்களை ஸ்லைடுக்குள்ளேயே பதித்தோம். வெளியே எங்கோ இருக்கும் ஃபைலுக்கு இணைப்பாக வைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ஸ்லைடு, திறந்ததும் தானாக ஒலிக்கும்படி. அந்த ஸ்லைடில் டீச்சர் பேச மாட்டார். அவர் பேச்சு ஸ்லைடு ஸ்லைடாகத் தனித்தனியாகப் பதிவாகிறது என்பதால், ஓர் இடத்தில் தடுமாறினால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் மறுபடி பேசினால் போதும். ஒரு ஸ்லைடு மாறி அடுத்தது வரும் அந்தக் கணத்தில் மட்டும் பவர்பாயின்ட் குரலைப் பதியாது. முதல் மூன்று ஸ்லைடில் வாக்கியத்தின் தலை வெட்டுப்பட்டுக் கிடந்தது. பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்கினார். கடைசியில் வீடியோவாக ஏற்றுமதி செய்தபோது பதித்த பாட்டுகள் நேராக வீடியோவுக்குள் போய்விட்டன. ஸ்பீக்கர் வழியாக அறைக்குள் வந்து, சுவரில் மோதி, மைக்குக்குள் நுழைந்து, மென்பொருளிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய அவசியமே அவற்றுக்கு இல்லை.

அன்று சண்டை வந்தது ஹெட்போனுக்காக. ஸ்பீக்கரை அடைத்துவிட்டு டீச்சர் காதில் மாட்டிவிட்டேன். "இதை மாட்டிக்கிட்டா என் குரல் எனக்கே வேற யாரோ மாதிரி கேக்குது தம்பி, எடுத்துரு" என்றார். நான் எடுக்கவில்லை. பத்து நிமிடம் முறைத்துக்கொண்டே பேசினார். பிறகு முதல் பாட்டு வந்தது. ஸ்பீக்கரில் கேட்காத ஒன்று ஹெட்போனில் கேட்டிருக்கிறது. பாட்டுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு குழந்தை எதையோ கேட்டு அனத்திக்கொண்டிருக்கிறது. பாடுகிறவள் வரியை நிறுத்தாமலே அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தமும் இருக்கிறது. "இத்தனை வருசமா இதை நான் கேக்கலையே தம்பி" என்றார். அதற்காக ஒரு ஸ்லைடு புதிதாகச் சேர்த்தோம்.

இரண்டாவது பதிவை ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பினேன். 'பழசை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்' என்று. பழசுக்கு நல்ல வியூஸ் வந்திருக்கிறது, எடுத்தால் போய்விடும் என்றார்கள். இன்னும் அதுதான் இருக்கிறது. பதினான்கு மௌனங்களோடு. அடுத்த கருத்தரங்குக்கான அழைப்பிதழும் வந்துவிட்டது, தலைப்பு 'குரலற்றவர்களின் குரல்'. நான் சிரிக்கவில்லை. பதிவு செய்து தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சரி, பாட்டு இல்லாத பழைய பதிவை நீக்கிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களாகவும் பெண்களாகவும்தான் இருப்பீர்கள். யாருடைய பேச்சையோ, யாருடைய ஊர்ப் பாட்டையோ பதிவு செய்யும் வேலை உங்கள் தலையில்தான் விழும். கௌரவம் இல்லாத வேலை. நன்றியுரையில் பெயர்கூட வராது. ஆனால் எது எஞ்ச வேண்டும் என்று முடிவு செய்வது அந்த மேடையில் நீங்கள் ஒருவர்தான். முப்பது நொடி பேசி, முப்பது நொடி பாட்டை ஓடவிட்டு, நிறுத்தி, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். இரண்டும் இருந்தால் தொடங்குங்கள். இல்லையென்றால், பேச வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

பதினான்காவது பாட்டு 1986இல் எடுத்தது. பாட்டு முடிந்த பிறகும் கேசட் சில நொடி ஓடுகிறது. டீச்சர் பட்டனை அழுத்த மறந்திருக்கிறார். அந்தக் கிழவி மூக்கைச் சிந்துகிறாள், செருமுகிறாள். பிறகு, அழுத குரல் சுத்தமாக மாறிப்போய், வெடுக்கென்று கேட்கிறாள்: "ஏ டீச்சரு, பதிஞ்சிருச்சா? எங்க, ஒருக்காப் போட்டுக் காமி."